வேப்பெண்ணெய்ச் சீசாவைக் கீழே வையுங்கள்: விரல் சூப்பும் பிள்ளையிடம் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

வட சென்னையின் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் விரல் சூப்பும் பிள்ளை இருக்கும் வீடுகளில் வேப்பெண்ணெய்ச் சீசா ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். என் மூத்த மகளுக்கு மூன்று வயதானபோது எங்கள் வீட்டு அலமாரியிலும் இருந்தது. தினமும் இரவு அவள் வலது கைக் கட்டைவிரலில் அதைத் தடவினேன். நான்காம் நாள் இரவு அழுதுகொண்டே விரலை நக்கி, பாய் முழுக்க வாந்தி எடுத்தாள். விடிந்ததும் பார்த்தால் இடது கைக் கட்டைவிரல் வாயில் இருந்தது. அதுவரை அந்த விரலை அவள் தொட்டதே இல்லை.

அன்று அதோடு போனது என்பதே நிம்மதி. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போன சிறு குழந்தைகளுக்கு வாந்தி, அரைமயக்கம், வலிப்பு வந்ததும், மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சில துளிதானே என்பார்கள். சூப்பும் பிள்ளை இரவெல்லாம் சூப்புகிறது. நாமோ மறுநாளும் தடவுகிறோம். எத்தனை துளி உள்ளே போனது என்று எந்த வீட்டிலும் அளப்பதில்லை. பேர் சொல்லாதது என்று பயபக்தியோடு நாம் அழைக்கும் வசம்பை உரைத்துத் தடவுவதும் இதே கணக்குதான். அதில் இருக்கும் ஒரு வேதிப்பொருளின் காரணமாக, வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968இலேயே தடை விதித்தது. மிளகாய்த்தூளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்தில் பிள்ளை அதே விரலால் கண்ணைத் தேய்க்கும். சூடு வைப்பதாகப் பயமுறுத்துவதும், சில வீடுகளில் வைத்தேவிடுவதும் கொடுமை. அதற்கு வேறு பெயர் கிடையாது.

இத்தனையும் செய்ய வேண்டிய வயதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கருவிலேயே குழந்தை விரல் சூப்புவது ஸ்கேன் படத்தில் தெரிகிறது. பிறந்த பிள்ளைக்குச் சூப்புவது பசியாறும் வழி. தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழியும் அதுதான். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். எட்டு மாதக் குழந்தையின் கையில் துணியைச் சுற்றிக் கட்டிவைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அந்த வயதில் நகத்தை வெட்டி, கையைக் கழுவிவிட்டால் போதும். அழுக்கு விரலால் வரும் நூல்புழுத் தொல்லையும் நகச்சுற்றும்தான் அப்போது கவலைப்பட வேண்டியவை. ஒரு வயது முடிந்த பிறகு, அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். நான் செய்த பெரிய தவறு இங்கேதான் இருந்தது. மகள் எப்போது சூப்புகிறாள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து தெருத் தெருவாக விற்பவர். அவருடைய மகனுக்கு அப்போது நான்கு வயது. பகலில் விரலை வாயருகே கொண்டுபோக மாட்டான். அவனுடைய ஆயாவிடம் (பாட்டியிடம்) விசாரித்தபோதுதான் தெரிந்தது: அம்மா எழுந்து போனதும் பாயில் கையால் துழாவிப் பார்ப்பான், வெறும் பாய் தட்டுப்படும், உடனே விரல் வாய்க்குள் போய்விடும். அக்கா ஒரு வாரம் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்துவைத்தார். பிறகு, புறப்படும் முன் அவன் தலையைத் தடவி, ஏலம் முடிந்து வந்துவிடுவேன் என்று காதில் சொல்லத் தொடங்கினார். ஆயா அந்த இடத்தில் வந்து படுத்துக்கொண்டார். அக்காவின் பழைய நூல்புடவை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் விரல் காய்ந்திருந்தது. விரலுக்கு அவர்கள் எதுவுமே செய்யவில்லை.

உங்கள் வீட்டில் அந்த நேரம் வேறாக இருக்கலாம். டிவி முன்னால், பஸ்ஸின் ஜன்னலோரத்தில், பசிக்கும்போது, தம்பிக்குப் பால் கொடுக்கும்போது. எதுவென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பசி என்றால் சோற்றை அரை மணி முன்னால் போடுங்கள். சும்மா இருக்கும் நேரம் என்றால் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள்: பட்டாணி உரிக்க, சப்பாத்தி மாவு பிசைய. செல்போனைக் கையில் கொடுத்தால் விரல் வெளியே வரும் என்று நம்புகிறவர்கள் நிறைய. படம் ஓடத் தொடங்கியதும் ஒரு கை போனைப் பிடிக்கும், மறு கை வாய்க்குப் போய்விடும்.

கேலி செய்வதும் அப்படித்தான். கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே, இவ்வளவு பெரிய பையன் இன்னும் விரல் சூப்புகிறான் என்று மாமா சிரிப்பார், சித்தியும் சேர்ந்துகொள்வார். பிள்ளைக்கு அவமானமாக இருக்கும். அவமானப்பட்ட பிள்ளை ஆறுதலுக்கு எங்கே போகும்? கட்டிலுக்கு அடியில் போய் விரலைப் போட்டுக்கொள்ளும். வீட்டுக்கு வருகிற உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

எந்த நேரத்தில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். ஜூனில் எல்கேஜி சேர்த்த வாரத்திலோ, வீடு மாறிய மாதத்திலோ தொடங்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, முன்பே விட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் எங்கள் பகுதியில் மறுபடி விரல் சூப்பினார்கள். அது பின்னடைவு அல்ல, பயம். நனைந்த வீடும் அம்மா அப்பாவின் முகமும் தேறியதும் அதுவும் தேறியது.

என் மகளுக்கு நான்கரை வயதானபோது மீண்டும் முயன்றேன், இந்த முறை அவளையும் சேர்த்துக்கொண்டு. விரல் போடாமல் தூங்கிய ஒவ்வொரு இரவுக்கும் காலையில் காலண்டரில் அவளே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். பத்துப் பொட்டு சேர்ந்தால் தண்டையார்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயிலில் போய்வருவோம். சாக்லேட்டைப் பரிசாக வைக்கவில்லை. பல்லைக் காப்பாற்றப் போய்ப் பல்லைச் சொத்தையாக்க வேண்டாம். பொட்டு விழாத காலையில் திட்டக் கூடாது, ஒட்டிய பொட்டைப் பிய்க்கவும் கூடாது. இரவில் கையுறை போல ஒரு சாக்ஸை மாட்டிக்கொள்வது அவளுக்கே தோன்றிய யோசனை. அதே சாக்ஸை நாம் பலவந்தமாக மாட்டினால் அது கைவிலங்குதான். முதல் பத்துப் பொட்டுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. ஒரு வாரத்தில் பலனில்லை என்று கைவிட்டவர்கள்தான் மறுபடி சீசாவைத் தேடிப் போகிறார்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகவே போய்விடும் என்று ஆறு ஏழு வயது வரை காத்திருப்பதும் தவறுதான். நிரந்தர முன்பற்கள் ஆறு வயதையொட்டி முளைக்கத் தொடங்கும். அப்போதும் விரல் உள்ளே இருந்தால் மேல்வரிசை முன்னால் தள்ளி எத்துப்பல் ஆகும். பல்லைக் கடித்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் நடுவே இடைவெளி விழும். அழுத்திச் சூப்புகிற பிள்ளைக்குக் கன்னத் தசை உள்பக்கமாக அழுத்தி மேல் அண்ணமே குறுகிப்போகும். விரலை வாயில் சும்மா வைத்திருக்கும் பிள்ளையைவிட, சத்தம் வர உறிஞ்சும் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். நிரந்தரப் பல் வருவதற்குள் பழக்கம் நின்றால், பால்பல்லில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

ஆகவே நான்கு வயதைக் கடந்தும் தொடர்ந்தால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நம் பக்கத்திலிருந்து எளிதில் போகக்கூடியது, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. கடற்கரை நிலையத்தில் மாறி ஏறினால் அடுத்த நிறுத்தம். குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். ஊசி போடுவார், பல்லைப் பிடுங்குவார் என்று வீட்டில் மிரட்டி வளர்த்த பிள்ளை அங்கே வாயையே திறக்காது. எதற்கும் மசியாத பழக்கம் என்றால், விரல் அண்ணத்தில் படாதபடி உள்பக்கம் ஒரு கம்பி பொருத்துவார்கள். பொருத்தும் முன், அது எதற்கு என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள். தண்டனை என்று நினைத்துவிட்டால், பிள்ளை அதே விரலால் கம்பியை நெம்பி வளைத்துவிடும்.