பாஸ் சதவீதத்தைத் தாண்டி: ஒரு பள்ளியின் வளர்ச்சியை எப்படிக் கணக்கிடுவது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள், வழியெல்லாம் "100 சதவீதத் தேர்ச்சி" ஃப்ளெக்ஸ்தான். அதே நாளில், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டில், யாராவது ஒரு தலைமை ஆசிரியர் "உங்க பள்ளி ஏன் குறைஞ்சுது?" என்ற கேள்விக்கு போனில் பதில் தேடிக்கொண்டிருப்பார். கீழே இருக்கும் பள்ளி என்ட்ரன்ஸ் வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்திருக்கலாம். மேலே இருப்பவர் எஸ்டேட் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை, எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்தவர்களை, வந்தபடியே சேர்த்தவர். பாஸ் சதவீதம் சொல்வது பாதிக்கு மேல் யார் உள்ளே வந்தார்கள் என்ற கதையைத்தான். பள்ளி என்ன செய்தது என்று தெரிய வேண்டுமென்றால், பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது என்று பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அப்படி ஒரு கணக்கை வைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்யும் தப்பு: போன வருஷ ஐந்தாம் வகுப்பு சராசரி 52, இந்த வருஷம் 58, அதனால் ஆறு மார்க் வளர்ச்சி. இல்லைங்க, அது வேற பிள்ளைகள். வளர்ச்சி என்றால் அதே பிள்ளைக்கு இரண்டு அளவீடு. எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் அடையாள எண்) வைத்து ஜூன் பட்டியலையும் மார்ச் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், இரண்டிலும் இருப்பவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஜூனில் இருந்து மார்ச்சில் காணாமல் போனவர்கள் யார்? மலையில் பெரும்பாலும் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் நடுவில் நிற்பார்கள், அவர்கள் விடுபட்டதும் பள்ளியின் சராசரி தானாக ஏறும். அதனால் "12 பேர் கணக்கில், 3 பேர் இடையில் போனவர்கள்" என்று அந்த எண்ணையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அடுத்து, எந்த அளவுகோல்? காலாண்டில் 40, முழு ஆண்டில் 55 என்றால் பிள்ளை வளர்ந்ததா, கேள்வித்தாள் சுலபமா என்று யாருக்கும் தெரியாது. ஒரே கஷ்டத்தில் இரண்டு கேள்வித்தாள் தயாரிப்பது பெரிய வேலை. நம் கையில் சுலபமாக இருப்பது, 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் (தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டம்) பழகிய அரும்பு, மொட்டு, மலர் நிலைகள்; அரும்பு கீழ் நிலை, மலர் மேல் நிலை. ஒரு பிள்ளை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனது என்பதற்குப் புள்ளி போடலாம். அரும்பிலேயே நின்றால் 0, அரும்பிலிருந்து மொட்டு 100, நேரே மலர் 150. மொட்டிலேயே இருந்தால் 60, மலருக்குப் போனால் 120. மலர் மலராகவே நின்றால் 100, ஏனென்றால் மேலே இருப்பதைத் தக்கவைப்பதும் வேலைதான். கீழே இறங்கினால் 0. இந்தப் புள்ளிகள் வேதவாக்கு இல்லை. உங்கள் குழு உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஜூனிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மார்ச்சில் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுப் புள்ளியை மாற்றினால் அது கணக்கு இல்லை, சமையல்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மலையில் ஒரு சின்னப் பள்ளி, 12 பிள்ளைகள். ஐந்து பேர் அரும்பில் தொடங்கினார்கள்: ஒருவர் அங்கேயே, மூன்று பேர் மொட்டு, ஒருவர் மலர், ஆக 450. நாலு பேர் மொட்டு: இரண்டு பேர் அப்படியே, இரண்டு பேர் மலர், 360. மலரில் மூன்று பேர், மூவரும் நிலைத்தார்கள், 300. மொத்தம் 1110, பன்னிரண்டால் வகுத்தால் 92.5. நல்ல எண்தான். சரி, இப்போது மொட்டுக்குப் போன ஒரே ஒரு பிள்ளைக்குத் தேர்வு நாளில் காய்ச்சல், ஒன்றும் எழுதாமல் அரும்பு என்றே பதிவாகிறது. சராசரி 84-க்கு விழும். ஒரு பிள்ளையின் காய்ச்சல், எட்டுப் புள்ளி! 120 பிள்ளைகள் இருக்கும் டவுன் பள்ளியில் அதே காய்ச்சல் ஒரு புள்ளியைக்கூட அசைக்காது. அதனால்தான் சின்னப் பள்ளிகளை ஒரே வருஷ எண்ணை வைத்து வரிசைப்படுத்துவது அநியாயம் என்கிறேன். மேலே ஏறினாலும் பாராட்டுவிழா வேண்டாம், இறங்கினாலும் மெமோ வேண்டாம். மூன்று வருஷப் பிள்ளைகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள், அப்புறம் பேசலாம்.

எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதும் லேசான விஷயம் இல்லை. ஏப்ரலிலிருந்து ஏப்ரல் என்று வைத்தால் கோடை விடுமுறையில் மறந்ததெல்லாம் பள்ளியின் கணக்கில் ஏறும், டவுன் பிள்ளைகள் சம்மர் கிளாஸ் போனதும் பள்ளியின் பெருமையாகிவிடும். ஜூன் முதல் மார்ச் என்பது நியாயம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நவம்பரிலிருந்து காபிப் பழம் பறிக்கும் சீசன், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை நின்றுவிடும். அதனால் கடைசி அளவீட்டை சீசன் முடியாமல் வைக்காதீர்கள். வருகைப் பதிவையும் அதே தாளில் ஒட்டிவிடுங்கள்.

இனி யாரும் வெளியில் பேசாத விஷயம். வளர்ச்சிதான் முக்கியம் என்று சொன்ன அடுத்த ஜூனிலேயே எல்லாப் பிள்ளைகளும் அரும்பாகிவிடுவார்கள்! தொடக்கத்தைக் கீழே காட்டினால் முடிவு தானாக உயரம். நான் உட்கார்ந்திருந்த ஒரு ரிவ்யூ கூட்டத்தில், போன மார்ச்சில் மலராக இருந்த பிள்ளைகள் ஜூனில் கூட்டத்தோடு அரும்பாகியிருந்தார்கள். கேட்டால் லீவில் மறந்துட்டாங்க சார். இதற்கு ஒரே வழி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து அளப்பது, நீங்கள் அங்கே போய் அளப்பது. இன்னொன்று, தொடக்கத்தில் ரொம்பக் கீழே விழுந்தவர்களில் சிலர் அன்றைக்கு நேரம் சரியில்லாமல் விழுந்தவர்கள். யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் ஏறத்தான் செய்வார்கள், அதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது.

வெளிநாட்டில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2016 முதல் புரோக்ரஸ் 8 என்றொரு கணக்கு: தொடக்கப் பள்ளி முடிவில் அதே அளவு மதிப்பெண் வாங்கிய மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, ஒரு பிள்ளை முன்னே போனதா பின்னே போனதா என்று பார்ப்பார்கள், நாட்டின் சராசரி 0. கோவிட் காலத்தில், 2020-லும் 2021-லும், அந்தத் தொடக்கத் தேர்வே நடக்கவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் பதினாறு வயதில் தேர்வு எழுதும் 2025, 2026 ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கையே போட முடியாமல் போனது. தொடக்க அளவீட்டைத் தொலைத்தால் திரும்பக் கிடைக்காது, ஜூன் தாளைப் பத்திரமாக வையுங்கள் என்பது இதற்குத்தான். அமெரிக்காவில் இதை ஒவ்வொரு ஆசிரியரின் தலையிலும் கட்டப் பார்த்தபோது, அந்நாட்டுப் புள்ளியியல் சங்கம் 2014-இல் சொன்னது: பெரும்பாலான ஆய்வுகளில், மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம்தான். ஆகவே தாளில் ஆசிரியர் பெயர் வேண்டாம். வகுப்பு, பாடம் போதும்.

குழுவில் வைக்கும்போது வளர்ச்சியை மட்டும் வைக்காதீர்கள். பக்கத்திலேயே, இப்போது எத்தனை பேர் தடங்கல் இல்லாமல் படிக்கிறார்கள் என்ற எண்ணும் இருக்கட்டும். வளர்ச்சி 92 என்று கைதட்டிவிட்டு, ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு பத்தி வாசிக்காமல் ஆறாம் வகுப்புக்குப் போவதை மூடி மறைக்கக் கூடாது. மேலே போட்ட உதாரணத்தையே பாருங்கள், 92.5-க்குள் இன்னும் அரும்பிலேயே இருக்கும் ஒரு பிள்ளை ஒளிந்திருக்கிறது. கூட்டத்தில் முதல் அரை மணி நேரத்தை அந்தப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள்: யார் தினமும் உட்கார்ந்து படிக்க வைப்பது, சீசனில் யார் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது, அடுத்த அளவீடு எந்தத் தேதி. தாளின் கீழே இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.