பணிநீக்கக் கடிதத்தில் தொடங்கும் வழக்குகள்: இளம் வழக்கறிஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேலைவாய்ப்புச் சட்டத்தையும் வணிக வழக்குகளையும் சேர்த்து நடத்தும் வழக்கறிஞரிடம் வரும் பல வழக்குகளுக்குத் தொடக்கம் ஒன்றுதான்: ஒருவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது போகச் சொல்லப்பட்டிருப்பார். போனவர் தமக்குப் பாகுபாடு காட்டப்பட்டது என்று புகார் கொடுத்தால் அது வேலைவாய்ப்பு வழக்கு. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார் என்று பழைய நிறுவனம் அவர் மீது வழக்குப் போட்டால் அது வணிக வழக்கு. மனிதர் ஒருவரே, மின்னஞ்சல்களும் அதே வாரத்து மின்னஞ்சல்களே. புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் நீதிமன்றத்தில் நடுவர் குழுவின் (ஜூரி) முன் தடுமாறிவிடுவோமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். ஆனால் இந்த வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கட்டம் வரை போவதே இல்லை. அவை கெட்டுப்போவது அதற்கு வெகு முன்பே, நாளைத் தவறாக எண்ணியதாலும் ஒப்பந்தத்தைப் பாதி படித்ததாலும்தான்.

முதலில் நாள் கணக்கு. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில், வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் தலைப்பின்கீழ் வழக்குப் போடுவதற்கு முன், சமவாய்ப்பு வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள் புகார் பதிய வேண்டும். அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் மாநிலத்தில் இருந்தால் அது 300 நாளாக நீளும். இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். எண்ணத் தொடங்கும் நாளில்தான் சறுக்குகிறார்கள். ஒரு பெண்ணிடம் மார்ச் 3 அன்று, 'இம்மாதம் 31ஆம் தேதியோடு உங்கள் வேலை முடிகிறது' என்று கடிதம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்களிடம் வந்து, கடைசியாக வேலை பார்த்த நாள் மார்ச் 31 என்பார். நீங்களும் அதிலிருந்து 300 நாள் எண்ணி, அடுத்த ஆண்டு ஜனவரி 25 வரை நேரம் இருக்கிறது என்று குறித்துவைப்பீர்கள். ஆனால் 1980இல் ரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது; ஆகவே உங்கள் கெடு டிசம்பர் 28. நிறுவனத்துக்குள்ளேயே அவர் மேல்முறையீடு செய்துகொண்டிருந்தார் என்பதும் உதவாது. ஆணையம் வழக்குப் போடும் உரிமைக்கான அறிவிப்பைக் கொடுத்த பிறகு மீண்டும் ஒரு கெடு வருகிறது, இம்முறை 90 நாள். எனவே கட்சிக்காரரிடம் 'எப்போது வேலை போனது?' என்று கேட்காமல், 'முதன்முதலில் உங்களிடம் யார், எந்தத் தேதியில், எந்த வடிவத்தில் சொன்னார்கள்?' என்று கேட்டு, அந்தக் கடிதத்தையே கையில் வாங்கிப் பாருங்கள்.

அடுத்த தவறு, நிறுவனத்தின் பக்கம் நிற்பவர்கள் செய்வது. உள்விசாரணைக்காக ஒரு மேலாளரை அழைத்துப் பேசுகிறீர்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று ஆரம்பிக்கிறார். அந்த நிமிடமே அவரை நிறுத்தி, நீங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞரே தவிர அவருடைய வழக்கறிஞர் அல்ல என்பதையும், இந்த உரையாடலுக்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு நிறுவனத்துக்கே சொந்தம் என்பதையும், நிறுவனம் விரும்பினால் அதை விட்டுக்கொடுத்து அவர் சொன்னதை வெளியே சொல்லலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1981ஆம் ஆண்டு அப்ஜான் தீர்ப்பின் பெயரால் இதை அப்ஜான் எச்சரிக்கை என்பார்கள். சொன்னால் மேலாளர் வாயை மூடிக்கொள்வார் என்ற பயத்தில் பலர் இதை முணுமுணுத்துக் கடந்துவிடுகிறார்கள். பின்னால் அதே மேலாளரும் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டு, 'அவரை என் வழக்கறிஞர் என்றே நம்பினேன்' என்று சொல்லும்போது, நீங்கள் இரு தரப்பையுமே கைவிட்டு வெளியேற நேரிடலாம். எச்சரிக்கை சொன்ன நேரத்தையும் அவர் புரிந்துகொண்டதாகச் சொன்ன பதிலையும் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுவது நல்ல பழக்கம்.

ஆவணங்களை அழிக்காமல் காக்கச் சொல்லும் கடிதத்தை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கத் தொடங்கும்போதே அந்தக் கடமை பிறந்துவிடுகிறது. அலுவலக மின்னஞ்சலை எல்லோரும் காப்பார்கள். மேற்பார்வையாளரின் சொந்தக் கைபேசியில், 30 நாளில் தானாக அழியும்படி வைத்த குறுஞ்செய்திகளை யாரும் நினைப்பதில்லை. 2015இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 37(e)யின்படி, வேண்டுமென்றே அழித்தது நிரூபணமானால், அழிந்தவை அழித்தவருக்கு எதிராகவே இருந்தன என்று கருதும்படி நடுவர் குழுவுக்கு நீதிபதி அறிவுறுத்தலாம். கடிதம் அனுப்பிய மறுநாள் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கருவியில் எந்த அமைப்பு மாற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பத்து நிமிட வேலைதான்.

வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் போட்டித் தடை ஒப்பந்தத்தை ஒரு மாநிலத்துக்கு எழுதி இன்னொரு மாநிலத்தில் ஒட்டுவதும் இதே வகை அலட்சியம். கலிபோர்னியா, வடக்கு டகோட்டா, ஓக்லஹோமா, 2023 ஜூலை முதல் மினசோட்டா ஆகிய மாநிலங்கள் பணியாளர்கள் மீதான இத்தகைய தடையைப் பொதுவாகவே ஏற்பதில்லை. வேறு பல மாநிலங்களில் நீதிமன்றம் அதன் கால அளவையும் நில எல்லையையும் நியாயமானவையா என்று எடைபோடும். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024இல் நாடு முழுமைக்கும் கொண்டுவந்த தடை விதியை, நடைமுறைக்கு வரும் முன்பே டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ரத்து செய்துவிட்டது. இன்றும் அந்த விதியை நடப்பில் உள்ளதாக நம்பிப் பேசுவோரைப் பார்க்கலாம். சிறிய வாசகம் ஒன்றும் விடுபட்டுப்போகிறது: 2016ஆம் ஆண்டின் வணிக ரகசியப் பாதுகாப்புச் சட்டம், முறைகேட்டை அரசு அதிகாரிகளிடம் ரகசியமாகத் தெரிவிப்பவருக்கு உள்ள பாதுகாப்பைப் பணியாளர் ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்கிறது. அதை விட்டுவிட்ட நிறுவனம், வழக்கில் வென்றாலும் அந்தப் பணியாளரிடமிருந்து இந்தச் சட்டத்தின்கீழ் தண்டனை இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் பெற முடியாது.

பணிவிலகல் தொகைக்கு ஈடாக உரிமைகளைத் துறக்கும் ஒப்பந்தம் எழுதும்போது வயதைக் கேளுங்கள். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, வயதுப் பாகுபாட்டு உரிமையைத் துறப்பதுபற்றி யோசிக்க 21 நாள் தர வேண்டும்; ஆட்குறைப்பில் ஒன்றுக்கு மேற்பட்டோர் போகிறார்கள் என்றால் 45 நாள். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற 7 நாள் உண்டு, அந்த 7 நாளை யாரும் சுருக்க முடியாது. 1998இல் ஊப்ரே வழக்கில், இவற்றைப் பின்பற்றாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பணமும் வாங்கிக்கொண்ட பெண், பணத்தைத் திருப்பித் தராமலேயே வயதுப் பாகுபாட்டு வழக்கை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் காசைக் கொடுத்தும் வழக்கிலிருந்து தப்பவில்லை.

வாதியின் பக்கம் நிற்பவர் செய்யும் தவறு, முதல் சந்திப்பிலேயே பெரிய தொகையைச் சொல்லிவிடுவது. ஏழாம் தலைப்பின்கீழ் மனவேதனைக்கும் தண்டனைக்குமான இழப்பீடு, எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் ஒரு வாதிக்கு 3,00,000 டாலரைத் தாண்டாது. 100 பேர் வரை வேலை பார்க்கும் சிறு நிறுவனமென்றால் உச்சவரம்பு 50,000 டாலர்தான். இழந்த சம்பளம் இந்த வரம்புக்குள் வராது; இனப் பாகுபாடென்றால் வரம்பே இல்லாத, '1981' என்ற எண் கொண்ட பழைய சட்டப்பிரிவு உண்டு. இந்தக் கணக்கைப் போடாமல் நம்பிக்கை ஊட்டிவிட்டு, சமரசப் பேச்சின்போது கட்சிக்காரரை இறக்கிக் கொண்டுவருவது வழக்கை நடத்துவதைவிடக் கடினம்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த மேற்கோள்களைத் திறந்து பார்க்காமல் தாக்கல் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

கடைசியாக டெபொசிஷன், அதாவது விசாரணைக்கு முன் சாட்சியிடம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் எடுக்கும் வாக்குமூலம். கூட்டாட்சி விதிப்படி ஒரு சாட்சிக்கு ஒரு நாள், 7 மணி நேரம். இளம் வழக்கறிஞர்கள் இதில் பெரும்பகுதியைச் சாட்சியோடு வாதாடிச் செலவழிக்கிறார்கள். பொய் சொல்கிறார் என்று தெரிந்ததும் அதை அங்கேயே அவர் முகத்துக்கு நேரே நிரூபிக்கத் துடிக்கிறார்கள். பணிநீக்கத்துக்கு என்ன காரணம் என்று கேளுங்கள். அவர் ஒன்றைச் சொல்வார். 'வேறு காரணம்?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், இன்னொன்றைச் சொல்வார். 'வேறு எதுவும் இல்லை' என்று அவரே சொல்லும் வரை இதே கேள்வியைக் கேட்டபின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். ஆறு மாதம் கழித்து நிறுவனம் புதிதாக ஒரு காரணத்தைக் கொண்டுவரும்போது, எழுத்துப்பிரதியின் அந்த வரியை எடுத்து மனுவோடு இணைத்தால் போதும்.