கிட்டார் மரத்தைவிட பிக்கப்பைப் பாருங்கள்

புதுச்சேரியில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்புகிறீர்களா? உடல் மகோகனியா, ஆல்டரா, பாஸ்வுட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒலியைப் பிடிப்பது, தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற பாகத்தில் உள்ள காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும்தான். அவை உணர்வது உலோகத் தந்தியின் அதிர்வை. 1969இல் ஆம்பெக் நிறுவனம் கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கிலேயே கிட்டார் உடலைச் செய்து விற்றது!

பிக்கப்பின் உயரத்தை ஸ்குரு டிரைவரால் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே காதில் விழும். என்னைக் கேட்டால், மரத்தில் பார்க்க வேண்டியது எடை. கடையிலேயே தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

அப்புறம், நம்ம ஊர் உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால், அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து வையுங்கள்.