ஓடும்போது கட்டாகும் பழைய அவுட்போர்டு மோட்டார்: கரண்ட் எங்கே போகிறது?

மகாராஷ்டிரக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் மும்பையின் வர்சோவாவிலும் மாஹிமிலும் சின்னப் படகுகளின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்கள் தார்ப்பாய்க்கு அடியில் மழை ஈரத்தில் கிடக்கும். ஆகஸ்டில் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். கொஞ்ச தூரம் ஓடிவிட்டுப் பட்டென்று அணையும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். கரைக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினால் சமர்த்தாக ஓடிக் காட்டும்!

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுக்கு எடுத்த எடுப்பில் சி.டி.ஐ. யூனிட்டை, அதாவது பிளக்கில் பொறி வரக் கரண்டைச் சேர்த்து வைத்துத் திறந்துவிடும் பெட்டியை, மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். விலை கூடிய அந்தப் பெட்டியைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே சொல்வது கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும், மேக்னெட் வைத்த, இரண்டு சிலிண்டர் பெட்ரோல் அவுட்போர்டுக்கு. சசூன் டாக்கில் நிற்கும் பெரிய டிராலர்கள் டீசல். அவற்றில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் பிரித்துப் பழகிய நம் ஆட்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம்தான்.

கரண்ட் வரும் வழி இதுதான். ஃப்ளைவீலில் காந்தம் இருக்கிறது. அது சுற்றும்போது சார்ஜ் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சி.டி.ஐ. அதைச் சில நூறு வோல்ட்டாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பல்சர் காயில் சைகை கொடுத்ததும் இக்னிஷன் காயிலுக்குத் திறந்துவிடும். அங்கே பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்குக்குப் போகிறது. மோட்டாரை நிறுத்த கில் சுவிட்ச் என்ன செய்கிறது? அந்தக் கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன்

மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். வறண்டு ஓடினால் வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் பாழாகிவிடும். புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும்போது பெட்ரோல் கேனை எட்ட வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் பாருங்கள். பிளக் வயரைக் கையால் பிடித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். சி.டி.ஐ. அடி சாதாரண அடி இல்லை.

1. கரண்டா, பெட்ரோலா?

பெட்ரோல் வராமல் நிற்கும் மோட்டார் திணறி, இழுத்து, மெதுவாக அடங்கும். பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கினால் உயிர் வரும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். சந்தேகமாக இருந்தால், ஒவ்வொரு பொறிக்கும் மின்னும் டைமிங் லைட்டை பிளக் வயரில் மாட்டிவிட்டு ஓட்டுங்கள். மோட்டார் இடறும் அதே நொடியில் வெளிச்சமும் விட்டுப்போனால் கரண்ட் கோளாறு. வெளிச்சம் ஒழுங்காக வந்துகொண்டே மோட்டார் நின்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு கார்புரேட்டரைப் பாருங்கள்.

2. ஒரு சிலிண்டரா, இரண்டுமா?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால் பொதுவான இடத்தில் கோளாறு: கில் சுவிட்ச், எர்த், சார்ஜ் காயில், சி.டி.ஐ. ஒன்று மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் அந்தப் பக்கத்து பிளக், கேப், வயர், இக்னிஷன் காயில் என்று போக வேண்டும். காயில்கள் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான். காசு செலவில்லாத சோதனை.

3. கில் சுவிட்ச்

இரண்டும் சேர்ந்து அணைந்தால் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். கையில் மாட்டும் சுருள் கயிறு, சிவப்புப் பொத்தான், இரண்டும் உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. உள்ளே ஈரம் புகுந்தால், அமுக்காமலே பாதி அமுக்கியதுபோல வேலை செய்யும்.

சுவிட்சிலிருந்து வரும் ஸ்டாப் வயரை சி.டி.ஐ. பக்கம் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை சுவிட்ச் பக்க வயரிலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வையுங்கள். பொத்தானை அமுக்காத நிலையில் எந்த இணைப்பும் காட்டக் கூடாது. பொத்தானை அமுக்கினால் பூஜ்யத்துக்குப் பக்கம் வர வேண்டும். அமுக்காதபோதே சில கிலோ ஓம்ஸ் காட்டினால், வயரை ஆட்டும்போது எண் குதித்தால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள். மீட்டர் சுத்தமாகக் காட்டினாலும் அந்த வயர் கழற்றிய நிலையில் மோட்டாரை டிரம்மில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். கட்டாகவில்லை என்றால் குற்றவாளி சுவிட்ச் அல்லது அதன் வயர். ஒன்று கவனம்: இந்த நிலையில் பொத்தானை அமுக்கினால் மோட்டார் நிற்காது. சோக்கை இழுத்து அணைக்க வேண்டும். இப்படியே கடலுக்குப் போகவே கூடாது. ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது அந்தச் சுருள் கயிறுதான்.

4. எர்த்தும் இணைப்புகளும்

சி.டி.ஐ.யிலிருந்தும் காயிலிலிருந்தும் வரும் கறுப்பு எர்த் வயர்கள் சின்ன போல்ட்டில் எஞ்சின் உடம்போடு சேரும். அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும், வயர் நுனியில் இருக்கும் செம்புத் திம்பிளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் இரண்டையும் மினுங்கத் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பின் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். வயர் விறைப்பாக இருந்தால் நுனியில் கொஞ்சம் தோலை உரியுங்கள். உள்ளே கம்பி கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். லோஹார் சாலில் வீட்டு வயரிங்குக்குக் கிடைக்கும் வெறும் செம்பு வயர் கடல் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயராகக் கேட்டு வாங்குங்கள். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் மல்டிமீட்டரும் லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும்.

அப்புறம் மோட்டாரை ஓடவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். எந்த வயரைத் தொடும்போது இடறுகிறதோ அங்கே நில்லுங்கள். ஃப்ளைவீல் பக்கம் குச்சியைக் கொண்டுபோகாதீர்கள்.

5. பிளக், கேப், வயர்

பிளக் எண்ணை கையேட்டோடு ஒப்பிடுங்கள். என்.ஜி.கே.யில் பி-க்கு அடுத்து ஆர் இருந்தால் அது ரெசிஸ்டர் பிளக். கையேடு அதைக் கேட்டிருந்தால் அதையே போடுங்கள். திருகு வைத்த கேப்பாக இருந்தால் அதைக் கழற்றி, வயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். இருட்டிய பிறகு மோட்டார் ஓடும்போது கவரைத் திறந்து பார்த்தால், கசியும் வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

6. சூட்டில் மட்டும் வரும் கோளாறு

காயிலின் உள்ளே சுற்று விரிசல் விட்டிருந்தால், ஆறியிருக்கும்போது மீட்டர் சரியான எண்ணையே காட்டும். அதனால் கட்டான கையோடு, சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். அது முடியாவிட்டால் சந்தேகப்படும் காயிலை முடி உலர்த்தும் டிரையரால் சூடேற்றியபடி அளக்கலாம். சூட்டில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. திடீரென்று எகிறினாலோ இணைப்பே விட்டுப்போனாலோ காயிலை மாற்றுங்கள். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

சி.டி.ஐ. இல்லாத இன்னும் பழைய மோட்டார்களில் ஃப்ளைவீலுக்குக் கீழே பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் சின்ன சுவிட்ச்) இருக்கும். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். ஃப்ளைவீலை எடுக்க புல்லர்தான் வேண்டும், சுத்தியல் கூடாது; அடித்தால் காந்தம் உடையும்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் மட்டும் சி.டி.ஐ. அப்போதும் ஓடும் நிலையில் உள்ள அதே மாடல் மோட்டாரிலிருந்து ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது நல்லது. சோர் பஜாரில் பழைய யூனிட் கிடைத்தால், விற்பவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடை வாசலில் வைத்து அதைச் சோதிக்க வழியே இல்லை.