கிட்டார் ஆம்ப்புக்குப் புது ஸ்பீக்கர்: என் அனுபவம்

என் 30 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் கரகரத்தது. காரைக்குடி மைக்செட் கடை அண்ணன், "இதப் போடுங்க தம்பி, திருவிழாவுக்கே தாங்கும்" என்று ஒன்றைக் காட்டினார். தாங்கும்தான். ஆனால் அது மைக்செட் ஸ்பீக்கர்; கிட்டார் ஸ்பீக்கர்தான் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைத் தானே அடக்கும். அதனால்தான் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிட்டார் ஒலி) காதைக் குத்தாது.

முதலில் ஓம், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. ஆம்ப்பில் குறைந்தது 8 ஓம் என்றிருந்தது. 4 ஓம் மாட்டினால் மின்னோட்டம் கூடி அவுட்புட் எரியலாம். (மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்றுதான் காட்டும்.) வாட், ஆம்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால் சரி. பலர் பார்க்காதது டெசிபல், அதாவது ஒரே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது: 97க்குப் பதில் 100 என்றால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

செலஸ்டியன் வின்டேஜ் 30 வாங்கினேன். பெயரில்தான் 30, தாங்குவது 60 வாட். வளவில் உட்காரும் ஆச்சிக்குத்தான் இப்போது கஷ்டம்.