மறு உத்தரவு வரும் வரை: ஒழுங்கு நடவடிக்கையில் சபைக் குழுவினர் செய்யும் தவறுகள்

ஆயரோடு சேர்ந்து சபையை நிர்வகிக்கும் புதிய சேகரக் குழு பொறுப்பேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஓர் இளம் உறுப்பினர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நம் சபைப் பையனும் பெண்ணும் கல்யாணம் ஆகாமலேயே சத்துவாச்சாரியில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெயரை வாசித்துத் திருவிருந்தை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறும் உரிமையை நிறுத்துவதைத்தான் சொல்கிறார். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் ஆறவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் குழுச் செயலராக இருந்த நானும் இப்படித்தான் கொதித்துக்கொண்டு திரிந்தேன்.

குழுவில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, பிரசங்கத்தில் ஜாடை பேசக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு கதை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மத்தேயு 7-ஐ முதல் வசனத்தோடு மூடிவிடுவது

குழுவில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று சொல்லிப் பேச்சையே முடித்துவிடும். மற்றது 1 கொரிந்தியர் 5-ஐத் திறந்து, தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்தவனைப் பவுல் விலக்கச் சொன்னதைக் காட்டும். முதல் கட்சிக்காரர்கள் ஐந்தாம் வசனம் வரை வாசித்தால் போதும். முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகை தெரியும் என்கிறார் இயேசு. துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டாம் கட்சிக்காரர்களும் அதே வசனத்தைத்தான் வாசிக்க வேண்டும், உத்திரம் என்ற சொல்லில் சற்று நேரம் நின்று.

சபைக்கு வெளியே இருப்பவர்களை விசாரிப்பது

1 கொரிந்தியர் 5:12. புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்பது தன் வேலையில்லை என்று பவுலே ஒதுங்கிக்கொண்டார். பக்கத்துத் தெருப் பெண்ணின் கதை உங்களுக்கு எதற்கு?

மூன்றாம் படியிலிருந்து தொடங்குவது

மத்தேயு 18-ல் படிகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் தனியாகப் போய்ப் பேசுவது, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போவது, அதன் பிறகே சபைக்குத் தெரிவிப்பது. நம் குழுக்களில் மேலிருந்து கீழே இறங்குகிறார்கள். சபைக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

மூடுவதற்குத் தீர்மானம், திறப்பதற்கு ஒன்றுமில்லை

இந்தத் தவறைச் செய்தவன் நான். இன்றுவரை எரிச்சல் தீரவில்லை.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமச் சபை. 1994. பால்வாடியில் வேலை பார்த்த ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமானாள். பையன் குழு உறுப்பினர் ஒருவரின் மகன். கூட்டம் நடந்த அன்று அவன் ஊரிலேயே இல்லை, வேலை தேடி ஓசூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினோம். பிறகு குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதினேன்: "மறு உத்தரவு வரும் வரை இவருக்குத் திருவிருந்து நிறுத்திவைக்கப்படுகிறது." அந்தச் சொற்றொடர் அன்று எனக்குக் கம்பீரமாகப் பட்டது. அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது.

மறு உத்தரவை யார் போடுவது, எப்போது போடுவது என்று யாரும் கேட்கவில்லை. அவள் சில மாதங்கள் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எழுந்து பலிபீடத்தை நோக்கிப் போகும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். பிறகு வருவது நின்றுபோனது. கிறிஸ்துமஸ் கீத பவனி அவள் வீட்டைத் தாண்டிப் போனது. பட்டியலில் பெயர் இல்லையாம். பட்டியல் எழுதியவனும் நான்தான். ஆயர் மாற்றலாகிப் போனார். தேர்தல் வந்தது, குழு மாறியது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பையனுக்கு வேறொரு பெண்ணோடு அதே ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டது. ஆட்சேபணை உண்டா என்று ஆயர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் முன்வரிசையில்தான் இருந்தேன்.

பையனை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் நிறுத்தியதே தனிக் கேவலம். விபசாரத்துக்கு லேவியராகமம் 20:10 இருவரையும் ஒன்றாகத்தான் குற்றம்சாட்டுகிறது. யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வேண்டும் என்று இழுத்துவந்த கூட்டமும் ஆணைக் கொண்டுவர மறந்துதான் வந்தது.

2008-ல் அவளுடைய மகன், திருவிருந்தில் சேர்வதற்கு முன் படிக்கும் திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தான். புதிய ஆயர் பழைய குறிப்பேட்டைப் புரட்டியிருக்கிறார். தாயின் பெயருக்கு நேரே நிறுத்திவைத்த பதிவு மட்டும் இருந்தது, சேர்த்துக்கொண்ட பதிவு எங்கேயும் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி அவள் கேட்டது ஒன்றுதான்: "என்ன அண்ணா, மறு உத்தரவு வந்துவிட்டதா?"

பதினான்கு வருஷம். பவுல் கொரிந்துவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி, இந்தத் தண்டனை போதும், அதிகத் துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார். முதல் கடிதத்தில் விலக்கச் சொன்ன அதே ஆள்தானா இவன் என்பதில் வேத அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. யாராக இருந்தாலும் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது.

நம் பகுதிக்குப் புதிய போதனையும் இல்லை இது. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்காவின் சீர்திருத்த சபையிலிருந்து வந்தது. அந்தச் சபை தன் விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ஹைடல்பர்க் வினாவிடை 1563-ல் எழுதப்பட்டது. அதன் 85-ஆம் கேள்வி, திரும்பத் திரும்பப் புத்தி சொல்லியும் கேளாதவனுக்குத் திருவிருந்தை மறுக்கச் சொல்கிறது. மனம் திருந்தியதைக் காட்டினால் மறுபடியும் அங்கத்தினனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே பதிலிலேயே முடிகிறது. பாதிப் பதிலை வைத்துக்கொண்டு நாங்கள் பதினான்கு வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

டீக்கடைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முதலில் தனியாகப் போய் அந்த இருவரையும் பாருங்கள். அதையும் மீறித் தீர்மானம்தான் வழி என்றால், எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். அதுவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கப்போகிற இரண்டு பேரின் பெயரைத் தீர்மானத்திலேயே சேருங்கள். போக ஆள் கிடைக்கவில்லையென்றால் தீர்மானமும் போடாதீர்கள்.

சாதிக் கோபத்தை ஒழுக்கக் கணக்கில் எழுதுவது

சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்தவர்கள் விபசாரம் செய்யவில்லை. திருமணம் செய்திருக்கிறார்கள்.

சிறுவர்மீதான குற்றத்துக்குக் குழு கூட்டுவது

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மத்தேயு 18-ஐ மூடிவைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் சொல்லலாம். "மூப்பனுக்கு விரோதமாக இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும்" என்று, சபைத் தலைவர்கள்மீதான புகாரைப் பற்றிய 1 தீமோத்தேயு 5:19-ஐத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்திருப்பார். உட்காரச் சொல்லுங்கள்.

குழு உறுப்பினர் வீட்டு விஷயம் என்றால்

அவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. காபி கொடுத்து வெளியே அனுப்புங்கள். கதவைச் சாத்திவிட்டு, "மகன் எங்கே?" என்று குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.