ஹங்கேரிக்குப் புதிதாக வரும் தமிழருக்கு: அம்மாவின் பெயரைக் கவனமாக எழுதுங்கள்

புடாபெஷ்ட்டில் வந்து இறங்கும் தமிழருக்குச் சிம் அட்டை எங்கே கிடைக்கும், தேங்காய் எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. நான் எழுத வந்தது ஒரேயொரு கட்டத்தைப் பற்றி. இந்நாட்டின் ஏறத்தாழ எல்லாப் படிவங்களிலும் ‘அஞ்ஞா நெவெ’, அதாவது தாயின் பெயர், என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் அதை மேம்போக்காக நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த மக்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ‘ஹங்கேரி’ என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களை மஜ்யார் என்றும் தங்கள் நாட்டை மஜ்யார் நாடு என்றும் சொல்கிறார்கள். பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சிறிய நாடு; மக்கள்தொகை ஒரு கோடிக்கும் சற்றுக் குறைவு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கேயிருந்து குதிரைகளில் வந்து கார்பாத்திய மலைகளுக்கு நடுவே குடியேறியவர்கள், சுற்றிலும் ஸ்லாவிய, ஜெர்மானிய மொழிகள் சூழ்ந்திருக்க, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் மொழியை விடாமல் காத்து வந்திருக்கிறார்கள். ஹாஸ் என்றால் வீடு, ஹாஸாக் என்றால் வீடுகள், ஹாஸாக்பன் என்றால் வீடுகளில். சொல்லோடு விகுதியும் உருபும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் வரிசை நம்முடையதைப் போலவே இருப்பதைக் கண்டு முதல் மாதம் மகிழ்ந்துபோனேன். அதற்காக உறவு கொண்டாடிவிட வேண்டாம். அம்மொழியின் உறவுகள் ஃபின்னியம், எஸ்தோனியம் போன்றவைதான். 1920-ஆம் ஆண்டின் திரியனோன் ஒப்பந்தத்தில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போன துயரத்தை இன்றும் சுமப்பவர்கள் ஆகையால், பழைய வரைபடம் எதையாவது சுவரில் கண்டால் அதைப் பற்றி வேடிக்கையாகப் பேசாதீர்கள்.

அவர்கள் எதையும் பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிற வரிசையில் எழுதுகிறார்கள். தேதியில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். ஆள் பெயரிலும் குடும்பப் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. உலகம் பேலா பார்தோக் என்று அறிந்த இசைமேதை இங்கே பார்தோக் பேலா. நம்மவர்க்கு இது ஆறுதலாக இருக்கும், ஏனெனில் நாமும் தந்தையின் எழுத்தை முன்னே போட்டுத்தான் பெயர் எழுதுகிறோம். என்னைக் கவிழ்த்தது அந்த ஆறுதல்தான். நம் தலைப்பெழுத்து குடும்பப் பெயர் அன்று, ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவது, மணமானபின் பெண்களுக்குப் பெரும்பாலும் தந்தையின் எழுத்து போய்க் கணவனின் எழுத்து வருவது என்பதையெல்லாம் அலுவலகச் சன்னலுக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் அறியமாட்டார்.

தாயின் பெயரை அவர்கள் ஏன் இப்படித் துருவுகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. கொவாச் (கொல்லர்), சபோ (தையல்காரர்), நாஜ் (பெரியவர்) போன்ற சில குடும்பப் பெயர்களை எண்ணற்றோர் சுமப்பதால், பெயரை மட்டும் கொண்டு ஆளைப் பிரித்தறிய முடிவதில்லை. எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரே அடையாள எண் என்னும் முறையை 1991-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதனால் வரிக்கு ஒரு பத்து இலக்க எண், மருத்துவக் காப்பீட்டுக்கு ‘தாய்’ எனப்படும் ஒன்பது இலக்க எண் என்று தனித்தனியே தருகிறார்கள். (அந்த எண்ணுக்கும் நம் தாய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை; மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை.) இந்த எண்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதாம் என்று உறுதி செய்ய, பெயர், பிறந்த இடம், பிறந்த நாள், தாயின் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயராகவே இருக்க வேண்டும், ஏனெனில் பழைய வழக்கப்படி மணமான பெண் கணவனின் முழுப் பெயரோடு ‘நே’ என்னும் விகுதியைச் சேர்த்துக்கொண்டு தன் பெயரையே இழந்துவிடுவாள். அப்படி இழக்காமல் எஞ்சுவது பிறந்தபோது பதிவான பெயர் ஒன்றுதான்.

இதெல்லாம் தெரியாமல் நான் செய்ததைக் கேளுங்கள். குடியிருப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தில், கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளபடியே அம்மாவின் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து எழுதினேன். வரி எண்ணுக்கான படிவத்தில் ‘மணத்துக்கு முந்தைய பெயர்’ என்று கேட்டிருந்ததால், அதிகக் கவனத்தோடு செய்வதாக நினைத்துக்கொண்டு, தாத்தாவின் தலைப்பெழுத்தைப் போட்டேன். காப்பீட்டுக்கு வேறொருவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் வெறும் பெயர் மட்டும், அதுவும் ஓர் எழுத்து மாறி, பதிவானது. அரசின் கணக்கில் எனக்கு மூன்று தாய்மார். ஜனவரிக் குளிரில் நெஞ்சுச்சளியோடு மருத்துவரிடம் போய் நின்றபோது, அவருடைய கணினித் திரையில் என் எண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது. காப்பீடு இல்லாதவர் என்று அதற்குப் பொருள். மாதந்தோறும் என் சம்பளத்தில் பணம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அது என் பெயரில் போய்ச் சேரவில்லை. கையிலிருந்து பணம் கட்டி மருந்து வாங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு சன்னலிலும் தவறு அடுத்த சன்னலுடையது என்றே சொன்னார்கள்.

காரணத்தை எனக்கு விளங்க வைத்தவர் அலுவலர் எவரும் அல்லர், எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற அம்மையார். இங்கே வயதில் மூத்த பெண்களைப் பெயரோடு ‘நேனி’ என்றும் ஆண்களை ‘பாச்சி’ என்றும் அழைப்பார்கள்; நாம் அத்தை, மாமா என்பதைப் போலத்தான், இரத்த உறவு வேண்டியதில்லை. அந்த நேனி என் தாள்கள் மூன்றையும் சமையலறை மேசையில் வரிசையாகப் பரப்பி, கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டு, ‘இவள் ஒருத்தியா, மூவரா?’ என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே உங்கள் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் வாங்கி, அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அரசு முத்திரை) பெற்றுக்கொள்ளுங்கள். அதில் உங்கள் அம்மாவின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, தலைப்பெழுத்து இருந்தால் இருக்கிறபடி, இல்லாவிட்டால் இல்லாதபடி, அதையே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். நிறுவனத்தார் உங்களுக்காக நிரப்பித் தரும் தாளில் கையெழுத்திடும் முன் அந்த ஒரு கட்டத்தையாவது படியுங்கள். குடியிருப்பு அனுமதி, தங்குமிடப் பதிவு, வரி எண், தாய் அட்டை என்று மற்றவை வழக்கமான வரிசையில் நடந்துவிடும்; வீட்டு உரிமையாளர் முகவரிப் பதிவுக்கு ஒப்புக்கொள்கிறாரா என்பதை மட்டும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் பிறப்புச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைத்து, முத்திரைக்கும் சான்றுறுதி பெற்ற மொழிபெயர்ப்புக்கும் காத்திருந்து, மூன்று அலுவலகங்களிலும் திருத்தம் கோரி, மே மாதத்தில்தான் பச்சை விளக்கைக் கண்டேன்.

இதற்காக அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மணத்துக்கு முன்பு பள்ளியில் அவருடைய பெயர் எப்படிப் பதிவாகியிருந்தது என்று கேட்டபோது, சற்று நேரம் பேச்சே வரவில்லை. ‘என் பேரை இத்தனை வருஷத்துல யாருப்பா கேட்டாங்க?’ என்றார். குடும்ப அட்டையிலிருந்து அழைப்பிதழ் வரை அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா. மறுநாள் பெட்டியைக் குடைந்து, விளிம்பு மடிந்த பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் தாத்தாவின் எழுத்து முன்னே நிற்க அவருடைய பெயர் இருந்தது. ‘எங்க அப்பா எழுத்தோட போடு’ என்று இரண்டு முறை சொன்னார். என் பிறப்புச் சான்றிதழில் அந்த எழுத்து இல்லை, ஆகவே இந்நாட்டின் எந்தப் பதிவிலும் இப்போது அது இல்லை. இதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.